அரசனின் காலடிக்கு இறங்கி வந்த மலை

மழை தவறாத முன்னொரு காலத்தில் வல்லபன் என்றோர் அரசன் இருந்தான். ஆண்டுதோறும் புதுவெள்ளம் வடிந்ததும், அரசன் செம்மலையின் மண்ணை வெறுங்காலால் மிதித்துக் கும்பிட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அந்த ஆண்டு அரசனுக்கு முழங்கால் வலி. ஏற முடியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "இம்முறை மலை நம் காலடிக்கு வரட்டும்" என்று ஆணையிட்டுவிட்டான்.

மலை எப்படி நகரும் என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அமைச்சர் உருத்திரசேனருக்கு மட்டும் உள்ளம் குளிர்ந்தது. விகடகவி சாத்தப்பன் மீது அவருக்கு நெடுநாள் பொறாமை. "சாத்தப்பனால் ஆகாதது உண்டா, அரசே? ஆனால் ஆளோ மாடோ வண்டியோ மலையைத் தொடக்கூடாது. தவறினால் அவன் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசனும் தலையாட்டினான். செய்தி கேட்ட சாத்தப்பனின் மனைவி அழுதுகொண்டே சட்டிபானைகளை மூட்டை கட்டினாள்.

வெள்ளம் வடிந்த காலையில் சாத்தப்பன் அரசனைப் பல்லக்கில் ஆற்றுத்துறைக்கு அழைத்துப் போய், புதிதாய்ப் படிந்த மணலில் இறங்கச் சொன்னான்.

"மலை தங்கள் காலடியில் இருக்கிறது, அரசே."

அரசன் குனிந்து அள்ளினான். செம்மலையில் மட்டுமே கிடைக்கும் சிவப்புக் கல்துகள் மணலெங்கும் மின்னியது. இதை யார் சுமந்து வந்தது என்று வியந்து கேட்டான்.

"மழைநீர், அரசே. வெயில் அதைக் கடலிலிருந்து தூக்கி மலையுச்சிக்கு அனுப்புகிறது. உயரத்தில் இருக்கும் பொருளுக்குள் ஒரு பலம் ஒளிந்திருக்கும். இறங்கும்போது அந்தப் பலமே ஓட்டமாகி, மலையை அறுத்துச் சுமந்து வருகிறது."

சும்மா இருக்கும் பொருளுக்குள் பலமாவது, மண்ணாங்கட்டியாவது என்று அமைச்சர் சிரித்தார். சாத்தப்பன் பெரிய கல் ஒன்றைத் தூக்கி அவர் தலைப்பாகைக்கு நேர்மேலே பிடித்தான்.

"இதுவும் சும்மாதான் இருக்கிறது. கையை எடுக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்டான்.

அமைச்சர் துள்ளி விலகினார். கல் தொப்பென்று விழுந்து மணலில் குழி பறித்தது. மலைப் பள்ளத்தாக்கையும் இப்படி விழுந்து விழுந்துதான் நீர் பறித்தது என்றான் சாத்தப்பன்.

அரசன் வலி மறந்து குலுங்கிச் சிரித்தான். அங்கேயே கும்பிட்டு வழக்கத்தை முடித்து, தன் பொற்கடகத்தைக் கழற்றிச் சாத்தப்பனுக்கு அணிவித்தான். பிறகும் அவனுக்கு ஆவல் அடங்கவில்லை. அப்படியானால் மலை ஆண்டுதோறும் தேய்கிறதா என்று கேட்டான். அது தனக்குத் தெரியாது, யாராவது உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும் என்றான் சாத்தப்பன்.

அரசன் மெல்லத் திரும்பி அமைச்சரைப் பார்த்தான். அவருக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.