காப்புக் கட்டிய பள்ளம்

வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம், மழை வழிதவறினால்தான் வந்து சேரும் ஒரு காட்டில், மூன்று வருடங்களுக்குப் பிறகு மழை பெய்தது.

சும்மா தூறல் இல்லை, குழந்தைகளே! ஒன்பது நாள் அடைமழை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த குட்டை நிரம்பித் தளும்பியது. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தனவோ, தவளைகள் எல்லாம் வெளியே வந்து தொண்டை கிழியக் கத்தின. உடைமரம் துளிர்த்தது. செத்தே போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட நிலத்தில் புல் பச்சைப்பசேல் என்று கிளம்பியது. முயல், கௌதாரி, காட்டுப்பூனை, மான் எல்லாமே "அப்பாடா!" என்று மூச்சு விட்டன.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அந்த மழை பிடிக்கவில்லை. அதுதான் கழுதைப்புலி.

பஞ்ச காலம் அதற்கு விருந்துக் காலம். ஓட வேண்டாம், துரத்த வேண்டாம். தாகத்தில் எது சுருண்டு விழுந்ததோ, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் போதும். இப்போதோ யாரும் சாவதாக இல்லை. "நாசமாய்ப் போன மழை" என்று பாறைக்கடியில் படுத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் ஒரு பெண்மான் இருந்தது. பஞ்சத்தில் இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்த மான் அது. குட்டி பிறந்தது, மடியில் பால் சுரக்கவில்லை. அவ்வளவுதான். இந்த மழைக்கு மூன்றாவது குட்டி பிறந்தது. மடி நிறையப் பாலும் இருந்தது.

பிறந்து இரண்டே நாளான அந்தக் குட்டி, காட்டின் நடுவே இருந்த பள்ளத்தில், மேற்குப் பக்கத்து ஆவாரம் புதருக்கு அடியில், உயரமான புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடந்தது. மான்குட்டிகளுக்கு முதல் சில நாட்கள் அதுதான் பாதுகாப்பு. கால் உறுதிப்படும் வரை ஓட முடியாது. அதனால் புல்லுக்குள் கிடக்க வேண்டும். தாய் எட்டவே நிற்கும். பால் கொடுக்க மட்டும் பக்கத்தில் போகும்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை நின்ற மறுநாளே ஆட்டுக்காரி சிக்கம்மாள் வந்து, பள்ளத்தைச் சுற்றி நின்ற நாலு மரங்களிலும் ஆவாரங்கொத்தும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். அதுதான் காப்பு. காப்புக் கட்டிவிட்டால், புல் பூத்து முற்றி விதை உதிரும் வரை ஆடுகள் பள்ளத்தில் இறங்கக் கூடாது. அதுவரைக்கும் மேட்டுப் புல்தான். பள்ளத்துப் புல் கோடைக்கு.

காட்டு விலங்குகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. மான் நாலு வாய் தின்பதால் பள்ளம் குறைந்துவிடாது. நூறு ஆடு இறங்கினால் இரண்டே நாளில் மொட்டை.

சிக்கம்மாளிடம் சரியாக நூறு செம்மறி ஆடுகள் இருந்தன. அவற்றுக்கு முன்னால் நடக்க ஒரு வெள்ளாட்டுக் கிடாய். அதன் கழுத்தில் பித்தளை மணி. கிடாய் நடந்தால் மணி ஒலிக்கும், மணி ஒலித்தால் ஆடுகள் நடக்கும். இதனால் கிடாய்க்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். காட்டில் எல்லோரும் அதை ஊர் அதிகாரிபோல 'மணியக்காரர்' என்று கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அது மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் கிடாய் குட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் கழுதைப்புலி வந்து நின்றது.

"மணியக்காரரே, சுகமா? மழை பெய்தும் இப்படி இளைத்திருக்கிறீரே!"

"மேட்டுப் புல் விரல் உயரம்கூட இல்லை" என்று அலுத்துக்கொண்டது கிடாய்.

"பள்ளத்தில் முழங்கால் உயரம் நிற்கிறதே?"

"அங்கே காப்புக் கட்டியிருக்கிறது. இறங்கக் கூடாது."

"ஓகோ! அந்த மான் மட்டும் தினமும் இறங்குகிறதே! இந்தக் காட்டில் அதற்கு மதிப்பா, உமக்கு மதிப்பா?"

கிடாய்க்குச் சுருக்கென்றது. "அதற்கு என்ன மதிப்பு? அதன் பின்னால் ஒரு ஈ கூட வராது. நான் ஒரு கால் எடுத்து வைத்தால் நூறு ஆடுகள் கால் எடுத்து வைக்கும்!"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நீர் இறங்கினால் நூறும் இறங்கும். நூறும் இறங்கிய பிறகு காப்பாவது கத்தரிக்காயாவது!"

கிடாய் தாடியை ஆட்டி யோசித்தது. ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "நாளை உச்சி வெயிலில் ஆத்தா கண்ணயர்வாள். அப்போது இறங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தது.

அது போன பிறகு கழுதைப்புலி தனக்குத்தானே சிரித்தது. "புல் போனால் மான்குட்டி கண்ணுக்குத் தெரியும். அது நாளைக்கு. கோடையில் புல் இல்லாமல் ஆடுகள் ஒவ்வொன்றாக விழும். அது மற்ற நாளைக்கு."

கரையோரப் புதருக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்து நின்ற பெண்மான் அத்தனையும் கேட்டது. குட்டியைக் கூட்டிக்கொண்டு ஓட முடியாது. நூறு ஆடுகள் இறங்கினால் நானூறு குளம்புகள். மிதிபடாமல் தப்பினாலும் கழுதைப்புலி காத்திருக்கிறது.

பெண்மான் நேரே மேட்டுக்குப் போனது.

"ஐயா, என் குட்டி பள்ளத்தில் கிடக்கிறது. பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அது எழுந்து ஓடிவிடும். உங்களைத் தூண்டிவிட்டது யாருடைய பசி என்று யோசித்துப் பாருங்கள்."

"எனக்குப் புத்தி சொல்ல வந்தாயா? மூன்று வருடம் நான் சருகு தின்றேன். இப்போது மழை வந்திருக்கிறது. இதிலும் காத்திரு என்றால் எப்படி?" என்றது கிடாய்.

"கோடைக்கு என்ன செய்வீர்கள்?"

"கோடை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். நாளை நான் நடப்பேன். நூறும் என் பின்னால் நடக்கும். வேண்டுமானால் இப்போதே பார்!"

சொல்லிவிட்டுக் கிடாய் பத்து அடி நடந்து காட்டியது. மணி ஒலித்தது. ஆடுகள் தலை குனிந்தபடியே பத்து அடி நகர்ந்தன. கிடாய் நின்றது. மணி நின்றது. ஆடுகளும் நின்றன. ஒன்றுகூட நிமிர்ந்து கிடாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

கிடாய் அதைக் கவனிக்கவில்லை. பெண்மான் கவனித்தது. அதன் காது இரண்டும் நிமிர்ந்தன.

"உண்மைதான் ஐயா, உங்கள் சொல்லுக்குத்தான் எவ்வளவு மதிப்பு!" என்று அது குரலைத் தாழ்த்திக்கொண்டது. "உங்களைத் தடுக்க என்னால் ஆகாது. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். குட்டி மேற்குப் பக்கம் கிடக்கிறது, நீங்கள் கிழக்குப் பக்கமாக இறங்குங்கள். பதிலுக்கு நானும் ஒரு யோசனை சொல்கிறேன்."

"என்ன யோசனை?"

"உங்கள் மணிச் சத்தம் கேட்டால் அந்த நாய் சுழியன் எழுந்துகொள்வான். ஆத்தா கம்போடு வருவாள். குட்டைக் கரையில் நல்ல களிமண் இருக்கிறது. மணிக்குள் அப்பிக்கொண்டால் சத்தமே வராது."

"அட! எனக்கே தோன்றாமல் போயிற்றே!" என்றது கிடாய். தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் உச்சி வெயில். சிக்கம்மாள் உடைமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்தாள். சுழியன் அவள் கால்மாட்டில் சுருண்டது. செம்மறிகள் வெயிலுக்கு ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைச் செருகிக்கொண்டு, ஒரே மந்தையாய் ஒட்டி நின்றன.

கிடாய் குட்டைக் கரையில் மண்டியிட்டு, கழுத்தைச் சேற்றில் நன்றாகத் தேய்த்தது. மணி நிறையக் களிமண். எழுந்து, மந்தைக்கு முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளத்தைப் பார்த்து நடந்தது. தலைவன் என்றால் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். அதனால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காப்பைத் தாண்டியது. கிழக்குப் பக்கமாக இறங்கியது. புல் முழங்காலைத் தொட்டது. இரண்டு வாய் ருசித்து மென்றுவிட்டு, "முண்டியடிக்காதீர்கள். எல்லோருக்கும் இருக்கிறது" என்றது.

பின்னால் ஒரு குளம்புச் சத்தமும் கேட்கவில்லை.

"காதில் விழுந்ததா?" என்று திரும்பியது. பின்னால் புல் இருந்தது. புல்லுக்குப் பின்னால் வானம் இருந்தது. ஒரு செம்மறியின் வால்கூட இல்லை.

இருந்தது ஒரே ஒரு ஆள். "எங்கே மற்றவர்கள்?" என்று கேட்டபடி கழுதைப்புலி எழுந்து வந்தது. "நூறு பேரோடு வருகிறேன் என்றீரே, மணியக்காரரே?"

கிடாய் தலையை உதறி உதறி மணியை ஆட்டியது. களிமண் நல்ல களிமண். மணி வாயைத் திறக்கவில்லை.

"போகட்டும்" என்றது கழுதைப்புலி. "இன்றைக்கு உம்மை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தக் குட்டியும் எப்படியும் அகப்படும்."

பள்ளத்தின் விளிம்பில் நின்ற பெண்மான் இதையெல்லாம் பார்த்தது. மந்தை வரவில்லை, குட்டி மிதிபடவில்லை என்று முதலில் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் கழுதைப்புலி அங்கேயே இருந்தால் குட்டி தப்பாது. கிடாயைப் பார்க்கவும் சகிக்கவில்லை. தாடி நடுங்க நின்றுகொண்டிருந்தது. ஏமாற்றியது தான்தானே!

பெண்மான் திரும்பி மேட்டை நோக்கிப் பாய்ந்தது. தூங்கும் நாயின் மூக்குக்கு நேரே போய்க் காலால் புழுதியை வாரி அடித்தது. மானைக் கண்டால் நாய் சும்மா இருக்குமா? சுழியன் ஒரே துள்ளலில் எழுந்து துரத்தியது. பெண்மான் ஆள் உயரம் எம்பி எம்பிக் குதித்து, நாயைக் கிழக்குப் பக்கமாகவே இழுத்து வந்து, கிடாயை இன்னும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த கழுதைப்புலியின் தலைக்கு மேலாக ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போனது.

சுழியனுக்கு இப்போது மான் தெரியவில்லை. கழுதைப்புலிதான் தெரிந்தது. அது குரைத்த குரைப்பில் செம்மறிகளே தலையைத் தூக்கிப் பார்த்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கழுதைப்புலி வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பாறை, முள், குட்டை எல்லாவற்றையும் தாண்டி ஓடியது.

சிக்கம்மாள் கம்போடு ஓடி வந்தாள். கிடாயின் கழுத்தைப் பிடித்தாள். மணியைப் பார்த்தாள்.

"அட கூறு கெட்டவனே! மணியில சேத்த அப்பிக்கிட்டு எங்கடா கெளம்புன? நூறு சீவன் இந்தச் சத்தத்த நம்பி நிக்குதுடா!"

ஒரு குச்சியை ஒடித்துக் களிமண்ணை நோண்டி எடுத்தாள். மணி 'கிணிங்' என்றது. மேட்டில் நூறு செம்மறிகளும் அந்தப் பக்கம் திரும்பின. கிடாய் அதைப் பார்த்தது. இத்தனை நாளாக அவை யார் பின்னால் வந்தன என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டது.

சிக்கம்மாள் நிமிர்ந்தபோது பெண்மான் எதிரே நின்றது. அவளைக் கண்டும் ஓடவில்லை. மேற்குப் பக்கத்துப் புதரை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை.

"குட்டி போட்டிருக்கியா, தாயி?" என்றாள் அவள். "இரு, இரு. நாங்க போயிடுறோம். டேய் சுழியா, அந்தப் பக்கம் போகாத, வாடா இங்க!"

நாயையும் கிடாயையும் முன்னால் ஓட்டிக்கொண்டு மேடேறினாள். போகிற வழியில் மரத்துக் காப்பில் இன்னொரு ஆவாரங்கொத்தைச் செருகிவிட்டுப் போனாள்.

பெண்மான் புதருக்குள் போனது. குட்டி படுத்தது படுத்தபடியே கிடந்தது. காது மட்டும் ஆடியது. தாய் பக்கத்தில் வந்ததும் முட்டி முட்டிப் பால் குடித்தது. பெண்மானுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாயங்காலம் கிடாய் காப்புக்கு வெளியே வந்து நின்றது.

"களிமண் யோசனையைத் தெரிந்துதான் சொன்னாயா?"

"தெரிந்துதான் சொன்னேன்."

"பிறகு ஏன் என்னைக் காப்பாற்றினாய்?"

"என் குட்டி பிழைக்க வேண்டும் என்று ஏமாற்றினேன், ஐயா. நீங்கள் சாக வேண்டும் என்று இல்லை."

கிடாய் திரும்பிப் போனது. மறுநாளிலிருந்து மந்தை பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் முதலில் திரும்பி நடப்பது அதுதான்.

புல் பூத்தது, முற்றியது, விதை உதிர்ந்தது. மான்குட்டி தாயைவிட உயரமாக எம்பிக் குதிக்கக் கற்றுக்கொண்டது. சிக்கம்மாள் வந்து காப்பை அவிழ்த்தாள். மணி ஒலிக்க ஒலிக்க நூறு ஆடுகளும் பள்ளத்தில் இறங்கி வயிறு நிறைய மேய்ந்தன. கோடை வந்தது. மேடு காய்ந்தது. பள்ளத்தில் புல் மட்டும் தீரவில்லை. அடுத்த மழை வரை ஆடும் மேய்ந்தது, மானும் மேய்ந்தது.

யாராவது விழுவார்கள் என்று தூரத்துப் பாறைமேல் ஒருவர் கோடை முழுக்க உட்கார்ந்திருந்தார். யாரும் விழவில்லை. அந்த வருடம் அந்தக் காட்டில் இளைத்தது கழுதைப்புலி மட்டும்தான்.

நீதி: மழைக்காலத்தில் பொறுத்தவர் கோடைக்காலத்தில் பிழைப்பார்.