துண்டுக்குள் படிந்த விலை

பொள்ளாச்சிப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். ஒரு மாட்டை அவசரத்துக்குக் குறைத்துத் தள்ளினாலும் அது வெளியே தெரியாது. அடுத்த மாட்டின் விலை கெடாது.

திவாகர் பி.பி.ஏ. முடித்து, சுலோச்சனா அம்மாளின் பால் பண்ணையில் கொள்முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தறிச் சத்தத்தில் காது மந்தமான அப்பா, மகன் வேலை நிரந்தரமானால் தறியை விட்டுவிடலாம் என்று காத்திருந்தார்.

விலை படிந்ததும் இரு தரப்பும் அதை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பது அவன் கல்லூரியில் படித்த பாடம். நடத்தியவர் பேராசிரியர் அருளப்பன். "தொழில் சுற்றுலாவுக்கு இந்த வருஷம் மாட்டுச் சந்தை போலாமா?" என்று அவர் ஒருநாள் கேட்டும் பார்த்தார்.

"சாணி மிதிக்கவா சார் ஃபீஸ் கட்டினோம்? ஊட்டி சார், ஊட்டி!" கத்தியவர்களில் திவாகரும் ஒருவன். அவரும் சிரித்துக்கொண்டே சரியென்றார். தேயிலைத் தொழிற்சாலையில் தலையைக் காட்டிவிட்டுப் படகு ஓட்டப் போனார்கள்.

சுலோச்சனாவோ, நேர்முகத்தில் அவனை ஆங்கிலம் பேச வைத்துக் கேட்டதோடு சரி. முதல் சந்தையன்று ஒரு கறவை மாட்டைக் காட்டி, "பேசி முடி கண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விரல் கணக்கை யூடியூபில் பார்த்து வைத்திருந்தான் திவாகர். துண்டு எதற்கென்று அதில் யாரும் சொல்லவில்லை. மாட்டுக்காரர் சென்னியப்பன் நல்லாவே இறங்கி வந்தார். விலை படிந்தது. பையன் பூரித்துப்போய் அதை உரக்கச் சொன்னான். "உறுதிங்களா?"

பக்கத்தில் நின்ற வியாபாரி திரும்பினார். "அந்த விலைக்கா தள்றீங்க மாமா? அப்ப எனக்கும் ரெண்டு அவுத்து விடுங்க!"

சென்னியப்பன் துண்டை உதறினார். "இதை எதுக்குப் போட்டேன் தம்பி, குளிருதுன்னா?" கொண்டுவந்த மாடுகள் அத்தனையையும் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

திவாகர் பின்னாலேயே ஓடினான். "தெரியாமப் பண்ணிட்டேனுங்க. இனி சாகிற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க."

டீக்கடையிலிருந்து வந்த சுலோச்சனா விஷயத்தைக் கேட்டார். "பி.பி.ஏ.வாம், பி.பி.ஏ.! நாளையிலிருந்து வராதே."

சந்தையைக் காட்டாமல் விட்டவர் ஒருவர். காட்டுகிறேன் என்றபோது வேண்டாமென்றவன் ஒருவன். சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியவர் ஒருவர். நீங்களே சொல்லுங்கள்: இந்த மூவரில் மன்னிக்க முடியாத தப்பு யாருடையது?

என் பதில்: அந்த வயதில் ஊட்டி கேட்காத பையன் உண்டா? விடுங்கள். பேரம் பேசப் பாடம் நடத்துகிற வாத்தியார் பிள்ளைகளிடமே ஒரே பேச்சில் படிந்துவிட்டாரே என்று எனக்கு எரிகிறது. இருந்தாலும் என் கணக்கில் குற்றவாளி சுலோச்சனாதான். அவன் வாய்விட்டுக் கத்திய அந்த நொடியில்தான் அவன் படிப்பு முடிந்தது. மலிவாகப் படிந்த மாடு கைநழுவிப் போன நஷ்டமும் சுலோச்சனா தலையில் விழுந்தாகிவிட்டது. அப்புறம் என்ன அவசரம்? வேலை தெரிந்துகொண்டவனைத் துரத்திவிட்டு, தெரியாத இன்னொருவனைத் தேடி மறுவாரமே விளம்பரம் கொடுத்தார்.