சாம்பல் கோடு

தவமணி அம்மையாரின் மடத்துக்கு அவரைவிட இருபது வயது மூத்த சீடர் ஒருவர் வந்தார். ஆளவந்தார், நாட்டின் தூதர். வாசலில் செருப்போடு பதவியையும் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர். அன்று அது முடியவில்லை.

இனி யாரும் அணுகுண்டை மண்ணுக்கடியில் வெடித்துப் பார்ப்பதில்லை என்று ஆற்றின் இக்கரை நாடும் அக்கரை நாடும் பேசிவந்தன. வருஷத்துக்கு ஏழு முறை வந்து உங்கள் மலைகளைப் பார்ப்போம் என்றது அக்கரை. மூன்றுதான் என்றது இக்கரை. பதினோரு மாதம் இதிலேயே போயிற்று. மறுநாள் கடைசிப் பேச்சு.

போன தடவை கரட்டுமலையில் இக்கரை வெடித்தபோது அடிவாரத்துக் கிணறுகளெல்லாம் கெட்டுப்போயின. ஆளவந்தாரின் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. அவள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி.

"நம்பிக்கையே இல்லாத இடத்தில் எப்படி அம்மா கையெழுத்துப் போடுவது?"

அம்மையார் எழுந்து அவரைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அண்ணனும் தம்பியும் பொதுவில் அடித்த நெல் குவிந்து கிடந்தது. அளப்பது நாளைக்கு. ஒரு கை அள்ளினாலும் தெரிகிற மாதிரி அண்ணன் குவியல்மேல் சாம்பலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கோடு பல்லிவால் மாதிரி இருக்கிறது என்று தம்பி பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். திருப்தி இல்லாதவர் தானே போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணன் மாட்டிடம் சொன்னார். தம்பி சாம்பல் சட்டியை வாங்கி, சுற்றிச் சுற்றி அழுத்தமாகப் போட்டார்.

இப்போது அண்ணன்மேல் நம்பிக்கை வந்துவிட்டதா என்று ஆளவந்தார் தம்பியிடம் விசாரித்தார்.

தம்பி சிரித்தார். "நம்பிக்கை இருந்தா எனக்கு ஏங்க இந்தச் சாம்பல் கை? கோடு போட்டாச்சு. இனி ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கலாம்."

திரும்பி வரும் வழியில் ஆளவந்தார், "நெல்லும் நாடும் ஒன்றா அம்மா? அவர்கள் ஏழு முறை வந்தால்..." என்று நிறுத்திக்கொண்டார்.

"வந்தால்?"

"கரட்டுமலையில் அடுத்த வெடிப்புக்குப் புதுச் சுரங்கம் தோண்டி முடித்துவிட்டோம். பார்த்துவிடுவார்கள்."

அம்மையார் நின்றார்.

"உங்கள் மகளுக்குத் தெரியுமா?"