அக்கரைப் பள்ளிக்குக் கடைசித் தெப்பம்

ஆற்றோரக் காட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மண்ணுக்குள் எங்கே கிழங்கு இருக்கிறது என்று மோப்பத்திலேயே சொல்லிவிடும். ஆனால் தோண்டியதை விற்கத் தெரியாது. போன கோடையில் அதன் வளைக்குள் கிழங்கு குவிந்து அழுகியது. அதே கோடையில் மலைமேல் மந்திகள் தின்ன ஒன்றுமில்லாமல் குட்டிகளைப் பறிகொடுத்தன. அவற்றின் அழுகை அடிவாரம் வரை கேட்டது. அன்றிலிருந்து, வணிகம் படித்தே தீருவது என்று முள்ளி உறுதியாக இருந்தது.

படிக்க இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்று பக்கத்திலேயே, சந்தைப் பாறையில் உடும்புகள் நடத்தியது. மற்றது ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

"உடும்பிடம் படித்தால் யார் மதிப்பார்கள்? அக்கரைக்குப் போய் வந்தவரைக் கண்டால் புலியே வழிவிடும்" என்றது நரி. அக்கரைக்கு ஆள் பிடித்து அனுப்புவதுதான் அதன் தொழில். "உன் வளையை எனக்குக் கொடு. எருமை இழுக்கும் தெப்பத்தில் இடம் வாங்கித் தருகிறேன்."

முள்ளிக்கு இருந்த ஒரே சொத்து அந்த வளை. "யோசித்துச் சொல்கிறேனே."

"யோசிக்க நேரம் ஏது? மலையில் மழை பிடித்துவிட்டது. இன்றைக்குப் போவதுதான் கடைசித் தெப்பம்."

முள்ளி தன் நண்பன் நீலனிடம் ஓடியது. நீலன் ஒரு நீர்நாய்.

"போகாதே. இங்கேயே படி" என்றது நீலன்.

"ஏன்?"

"ஏனென்று கேட்டால்... தெரியாத ஊர். எனக்குப் பயமாக இருக்கிறது."

"நரி ஆசை காட்டுகிறது, நீ பயம் காட்டுகிறாய். அங்கே என்ன படிப்பு என்று யாருமே சொல்லவில்லையே" என்றது முள்ளி.

அதற்குள் ஆறு செம்மண் நிறத்தில் புரள ஆரம்பித்திருந்தது. இரண்டும் கரைக்குப் போனபோது தெப்பம் அக்கரையிலிருந்து வந்து சேர்ந்தது. படிப்பை முடித்த முயல் ஒன்று அதிலிருந்து இறங்கியது.

"ஏறு, ஏறு" என்று அங்கே காத்திருந்த நரி முள்ளியைத் தள்ளியது. "தெப்பம் கரையை விட்டு விலகிவிட்டால் வளை என்னுடையது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

முள்ளி ஏறியது. நரி அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தது.

முள்ளி முயலைக் கூப்பிட்டது. "அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்?"

"முயல் களைத்திருக்கிறது, விடு" என்று நரி குறுக்கே பாய்ந்தது.

ஆனால் முயல் நின்று பதில் சொன்னது. "நல்ல பள்ளிதான். மீன் பிடிப்பது, அது கெடாமல் இருக்கப் புகை போடுவது, ஊர் ஊராக விற்பது எல்லாம் சொல்லித் தருவார்கள்."

"கிழங்கு?"

"அங்கே தரையெல்லாம் பாறை. கிழங்கை யாரும் பார்த்ததே இல்லை."

"பிறகு நீ ஏன் போனாய்? நீ மீன் தின்ன மாட்டாயே?"

முயல் தலை குனிந்தது. "எல்லோரும் போனார்கள். நானும் போனேன். எனக்கு மீன் வாடையே ஆகாது."

எருமை முன்னால் அடி எடுத்து வைத்தது. தெப்பம் சேற்றில் உரசியது. நரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முள்ளியின் மனக்கண்ணில் மலையும், போன கோடையில் மேலே மெலிந்து கிடந்த மந்திகளும் தெரிந்தன. அடுத்த நொடி அது கரைக்குத் தாவியது. தெப்பம் விலகி ஓடியது.

"வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாய்" என்று நரி உறுமியது.

முள்ளியின் பக்கத்தில் நின்ற நீலன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முள்ளி, எனக்கு மீன் பிடிக்கத் தெரியும், அதற்குப் புகை போடத்தானே தெரியாது? நான் போகட்டுமா?"

"பயம்?"

"இருக்கிறது. ஆனால் இப்போது போவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது."

நீலன் ஆற்றில் குதித்தது. வெள்ளம் அதை இருமுறை புரட்டிப் போட்டது. முள்ளி கரையோரமாகவே பதறி ஓடியது. கடைசியில் நீலன் எருமையின் வாலை எட்டிப் பிடித்தது.

முள்ளி சந்தைப் பாறையில் சேர்ந்தது. எந்தக் குகையில் வைத்தால் கிழங்கு கெடாது, எந்த வழியாக மலைக்கு ஏற்றலாம் என்று உடும்புகள் சொல்லிக் கொடுத்தன. மறு கோடையில் மலையில் அழுகை கேட்கவில்லை. ஆறு வடிந்ததும் நீலன் திரும்பி வந்து, புகை போட்ட மீனைக் காடு முழுக்க விற்றது.

எங்கே படிப்பது என்று முடிவு செய்யும் முன், எதற்குப் படிக்கிறோம் என்று தெளிந்தவரே கற்ற கல்வியால் பயன் பெறுவார்.