தாத்தா பிடித்த வாளை

கரும்பனூரை ஆண்ட உத்தமசிங்க ராஜா தங்கமான மனுஷர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். தூண்டில் பைத்தியம்! காலையில் பேரேரிக் கரையில் உட்கார்ந்தாரானால், மந்திரி போய்க் கெஞ்சினால்தான் எழுந்து வருவார். பிடித்த மீனைப் பாதி நாள் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அப்படிப்பட்டவரைக் கெடுத்தது ஒரு சுவர்.

ஏரிக்கரை மண்டபத்துச் சுவரில் ராஜாவின் தாத்தா பிடித்த வாளை மீன் இருந்தது. மீனைச் சுவரில் வைத்து, சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே காவி பூசிய படம். நீளம் ஐந்தரை முழம்! வாளை ஒல்லியான மீனாயிற்றே, இதற்கு மட்டும் பூசணிக்காய் வயிறு. “அந்தக் காலத்துத் தீனி அப்படி” என்று ஊரே மெச்சிக்கொண்டது. நம் ராஜா மூன்றரை முழத்தில் ஒரு வாளையைப் பிடித்து, பெருமையாகக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாத்தா மீனுக்கு அது பேத்தி மாதிரி இருந்தது. அன்றைக்குப் போன சிரிப்பு, ஏழு வருஷமாகியும் திரும்பவில்லை.

கடைசியில் ஒருநாள் வெடித்தார். “மீன் பெரிதாவதற்குள் வலை போட்டு அள்ளிவிடுகிறார்கள். தாத்தாவை நான் ஜெயிக்கும்வரை ஏரியில் எவனும் வலை போடக் கூடாது!”

மூன்று மாதம் ஓடியது. வலைக்காரர் தெருவில் அடுப்பு எரியவில்லை. மீன் விற்கும் வெள்ளச்சி, அரசவை விகடர் செண்பகராயரின் வாசலில் வந்து நின்றாள்.

“சாமி, செத்த மீனோட ராஜாவுக்குப் போட்டி. பட்டினி எங்களுக்கா? புள்ளைங்க கூழுக்கே அடிச்சுக்குதுங்க. நீங்கதான் ஏதாவது பண்ணணும்!”

செண்பகராயருக்கு மனசு தாங்கவில்லை. அவரும் மூன்று மாதமாக மீன் குழம்பைக் கண்ணால் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். நேரே சபைக்குப் போய்ப் பேச்சை எடுத்தார்.

ராஜா முறைத்தார். “ஓய், தை பிறப்பதற்குள் நான் தாத்தாவை ஜெயிக்க வழி சொல்லும். ஏரியைத் திறக்கிறேன். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் பூட்டுதான். நீரும் ஊரைவிட்டுக் கிளம்பலாம்.”

வசமாக மாட்டிக்கொண்டோமே என்று புலம்பியபடி செண்பகராயர் மண்டபத்துக்குப் போனார். அங்கே சித்திரக்காரர் பூவலிங்கம் சாரத்தில் ஏறி, தைத் திருநாளுக்காகத் தாத்தா மீனுக்குக் காவி பூசிக்கொண்டிருந்தார்.

“வருஷா வருஷம் பூசுவீரோ?”

“எங்கப்பா காலத்திலேருந்து, ஐயா. அறுபது வருஷமா ஒரு வருஷம் தவறினதில்லை.”

“பழைய கோட்டு மேலேயா பூசுவீர்?”

பூவலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அபசாரம்! பெரிய மகாராஜா போட்ட கோட்டை நான் அழிக்கிறதா? அதுக்கு வெளியே அரை விரல் தள்ளித்தான் புதுக்கோடு இழுப்போம். அதுதான் எங்க குடும்பத்து மரியாதை.”

“அடப் பாவி மனுஷா!” என்று கத்திய செண்பகராயர், அவரை அப்படியே கட்டிக்கொண்டார். மேல்துண்டெல்லாம் காவி.

மறுநாள் ராஜா மண்டபத்துக்கு வந்தார். எதிர்ச்சுவரில், அவர் பிடித்த வாளையைச் சரியாக மூன்றரை முழத்தில் வரைந்து வைத்திருந்தார் பூவலிங்கம்.

“பூவலிங்கம், அறுபது தைத் திருநாளையும் இன்றைக்கே கொண்டாடிவிடும்” என்றார் செண்பகராயர்.

தூரிகை சுற்றியது. தலைப்பக்கம் அரை விரல், வால்பக்கம் அரை விரல். பத்தாவது சுற்றில் ராஜா கண்ணைக் கசக்கினார். முப்பதாவது சுற்றில், “ஓய், என் மீன் ஊதுகிறதே!” என்றார். அறுபதாவது சுற்றில் முழம் போட்டுப் பார்த்தார்கள். ஆறு முழம்! வயிறும் பூசணிக்காய்தான்.

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. “அப்படியானால் தாத்தா பிடித்தது…?”

“மூன்றே முழம், மன்னா. நீங்கள் அவரை ஜெயித்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.”

ராஜா படியில் உட்கார்ந்துவிட்டார். “ஏழு வருஷம்! ஒருநாளாவது சந்தோஷமாகத் தூண்டில் போட்டேனா? சனங்களையும் பட்டினி போட்டேனே!” அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே ஏரியைத் திறக்கச் சொன்னார். வெளியே நின்ற வெள்ளச்சி போட்ட குலவைச் சத்தத்தில் மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்தன. தன் கைத்தோடாவைக் கழற்றிச் செண்பகராயருக்கு மாட்டினார் ராஜா.

பூவலிங்கம் ஈரத்துணியோடு வந்தார். “இந்த ஆறு முழத்தை அழிச்சிடவா, மகாராஜா?”

ராஜா தன் மீனைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அவசரம் என்ன? இருந்துவிட்டுப் போகட்டுமே. பின்னாளில் என் பேரன் பார்க்க வேண்டாமா?”

“தாராளமாக இருக்கட்டும், மன்னா” என்றார் செண்பகராயர். “பேரன் காலத்தில் ஏரியை மட்டும் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லிவிடுங்கள். இந்த மீன் அதில் கொள்ளாது!”

ஏழு வருஷச் சிரிப்பையும் ராஜா அன்றைக்குச் சேர்த்துச் சிரித்தார்.