கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நானூறு பேர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொல்லாமல் விட்டாலும் கதைக்குக் குறை வராத ஒரு நாட்டில், குலவழுதி என்றொரு அரசன் இருந்தான். அவனுக்குப் போரில் நாட்டமில்லை. வேட்டையிலும் இல்லை. பந்தாட்டம் என்றால் மட்டும் சோறு தண்ணீர் மறந்துவிடும்.

நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அறுவடை முடிந்ததும் வடகரையாருக்கும் தென்கரையாருக்கும் ஏழு நாள் ஆட்டம் நடக்கும். பிரம்பைச் சுருட்டி மேலே தோல் போர்த்திய பந்து. காலால் மட்டுமே உதைக்க வேண்டும். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பந்து போனால் ஒரு பழம். மூன்று நாழிகை கழிந்து முரசு அறையும்போது யாரிடம் பழம் அதிகமோ அன்றைக்கு அந்தக் கரைக்கு வெற்றி.

பல காலமாக ஆட்டம் பார்க்கத் தலைக்கு ஒரு செப்புக்காசுதான் வாங்கினார்கள். அந்த வருடம் பொக்கிஷ அதிகாரி திரவியநாதர் மைதானத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பினார். ஒரு பக்கம் கல்படிகள் கட்டி, பந்தல் போட்டு, பன்னீர் தெளிக்க ஆள் வைத்தார். பிறகு, ‘ஆட்டத்தைப் பார்ப்பவர் தலைக்கு ஒரு வெள்ளிக்காசு’ என்று பறையறைவித்தார். காளவாயில் சுண்ணாம்பு சுடுகிறவருக்கு அது ஆறு நாள் கூலி. ஏழு நாளும் பார்க்க நினைத்தால் ஒன்றரை மாதம் வேகவேண்டும்.

அந்த அரசவையில் விகடனாக இருந்தவன் வேம்பன். ஒல்லியான ஆள், பெரிய காதுகள். மூன்றாம் நாள் ஆட்டத்தின்போது பந்தலுக்குள் அவனுக்குத் தூக்கம் வந்தது. இரண்டு பக்கமும் வணிகர்கள் வெற்றிலை மென்றுகொண்டு சரக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சற்று நடக்கலாம் என்று வெளியே வந்தவன் மதிலின் மறுபுறத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

சுமார் நூறு பேர் மதிலோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நடுவே, சுண்ணாம்பு விற்கும் இருளாயி மதிலில் காதை வைத்தபடி நின்றாள். கைகளிலும் முகத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

“நம்ம வடகரைச் செங்கான்கிட்ட வந்திருச்சு பந்து” என்றாள். “இப்ப அடிப்பான் பாரு, இடது காலால.”

உள்ளே ‘மடார்’ என்று ஒரு சத்தம். வெளியே நூறு பேரும் துள்ளி எழுந்தார்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் வேம்பன்.

“அவன் சின்னப் புள்ளையா இருந்தப்பலேருந்து பாக்குறேன் விகடரய்யா. அவன் காலுக்கு ஒரு சத்தம், மத்தவங்க காலுக்கு ஒரு சத்தம். இருபது வருசமா ஒரு நாள் விட்டதில்ல நான். இந்த வருசம் அவங்களே என்னை விட்டுட்டாங்க.”

சொல்லிவிட்டு மறுபடியும் காதை மதிலில் வைத்துக்கொண்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் வேம்பன் ஏதாவது வேடிக்கையாகப் பேசிச் சமாளித்திருப்பான். சாதாரணமாகச் சொன்னதால் அவனும் அவள் பக்கத்தில் மதிலோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் அரசனுக்கே பொறுக்கவில்லை. அவையைக் கூட்டினான்.

“இது என்ன ஆட்டமா, எழவு வீடா? பழம் விழுந்தால் நான் ஒருவன்தான் கத்துகிறேன். ஆடுகிறவர்களும் நடந்து நடந்து ஆடுகிறார்கள். காரணம் என்ன?”

திரவியநாதர் எழுந்தார். “மகாராஜா, வருமானம் நான்கு மடங்கு கூடியிருக்கிறது. ஆரவாரம் வேண்டுமானால் கூலிக்குப் பறையடிக்க இன்னும் ஆள் வைக்கிறேன்.”

“நேற்று வைத்தீர்களே! அந்த ஆட்கள் பந்து எங்கே இருக்கிறது என்றே பார்க்காமல் அடித்தார்கள்.”

வேம்பன் குறுக்கிட்டான். “மகாராஜா, கத்துகிறவர்கள் எல்லாரும் மதிலுக்கு வெளியே இருக்கிறார்கள். உள்ளே வர ஆறு நாள் கூலி கேட்கிறார்கள். மூன்று நாழிகைச் சந்தோஷத்துக்கு அது நியாயமான விலையா?”

திரவியநாதருக்கு வேம்பனைக் கண்டால் ஆகாது. அரசன் தன்னிடம் கணக்கு மட்டும் கேட்கிறான், அவனிடம் யோசனை கேட்கிறான் என்ற எரிச்சல் அவருக்குப் பல வருடமாக உண்டு. இதுதான் தருணம் என்று கண்டுகொண்டார்.

“மகாராஜா, விலை நியாயமில்லை என்று விகடர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அரசாணையைப் பழிப்பது குற்றம். இருந்தாலும் அவருக்கு ஒரு வாய்ப்புத் தரலாம். ஏழாம் நாள் ஆட்டத்தில் மைதானம் அதிர ஆரவாரம் எழச் செய்யட்டும். ஆனால் விலையில் அரைக் காசும் குறையக்கூடாது. காசு கொடுக்காத எவரும் ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது. ஒருவருக்காக இன்னொருவர் காசு கட்டவும் கூடாது. முடியாவிட்டால் அவர் இந்த நாட்டை விட்டே போய்விட வேண்டும்.”

அரசனுக்கு விளையாட்டுப் புத்தி. நடக்க முடியாததைக் கேட்பதில் அவனுக்கு எப்போதும் ஓர் இன்பம். “நல்ல பந்தயம்! வேம்பா, என்ன சொல்கிறாய்?”

வேம்பனுக்கு வேறு நாடும் தெரியாது, வேறு தொழிலும் தெரியாது. ஆனாலும் பணிந்து நின்று, “உத்தரவு மகாராஜா. பொக்கிஷ அதிகாரி சொன்னதைச் சொன்னபடியே ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தரவேண்டும். ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்றான்.

திரவியநாதர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார், அரசன் முத்திரை வைத்தான்.

அன்று மாலை முழுவதும் வேம்பன் அந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் படித்தான். ஒரு சொல்லில் அவன் கண் நின்றது. மறுநாள் காலை நேரே காளவாய்க்குப் போனான்.

அவன் சொன்னதைக் கேட்டு இருளாயி சுண்ணாம்புக் கூடையைக் கீழே வைத்தாள்.

“கண்ணைக் கட்டிக்கிட்டு ஆட்டம் பாக்க வரணுமா? நல்லாத்தான் இருக்கீங்களா விகடரய்யா?”

“பார்க்க வரவேண்டாம் அம்மா. கேட்க வந்தால் போதும்.”

“அதத்தான் வெளிய உக்காந்து கேக்குறோமே!”

“உள்ளே இன்னும் நன்றாகக் கேட்கும்.”

அவள் சிரிக்கவில்லை. “எங்கள வச்சு நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆகாதே?”

இந்தக் கேள்வியை வேம்பன் எதிர்பார்க்கவில்லை. பிறரைச் சிரிக்க வைத்தே சோறு தின்கிறவன் அவன். “ஆகாது என்று உறுதி சொல்ல எனக்கு வழியில்லை” என்றான் உள்ளபடியே. “ஆனால் சிரித்தால் முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். நாளைக்கு ஆரவாரம் எழவில்லையென்றால் நான் ஊரை விட்டே போகவேண்டும்.”

“அட, மொதல்லயே அதச் சொல்லக்கூடாதா?” என்றாள் இருளாயி. “எத்தனை பேரு வேணும்?”

ஏழாம் நாள் பிற்பகல், வாயிற்காவலர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நானூறு பேர் வரிசையாக வந்தார்கள். சலவைக்காரர்கள், குயவர்கள், ஓடக்காரர்கள், உப்பு விற்பவர்கள். எல்லார் கண்ணிலும் துணிக்கட்டு. முன்னால் வேம்பன் வழிகாட்டி வந்தான்.

செய்தி கேட்டுத் திரவியநாதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “எங்கே வெள்ளிக்காசு?”

வேம்பன் ஓலையை நீட்டினான். “‘காசு கொடுக்காத எவரும் ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்கள் பார்க்கப் போவதில்லை ஐயா.”

“துணி விலகினால்?”

“தாராளமாகக் காவல் போடுங்கள். யார் துணியை விலக்குகிறாரோ அவரிடம் வெள்ளிக்காசு வாங்கிக்கொள்ளுங்கள்.”

திரவியநாதர் ஒவ்வொரு முடிச்சையும் தாமே இழுத்துப் பார்த்தார். இருளாயியின் கட்டை இன்னும் இறுக்கினார். அவள், “போதும் சாமி, மண்டை நெரியுது” என்றாள். பிறகு அவர்களைப் பந்தலுக்கு எதிர்ப்பக்கம், வெயிலில் காலியாகக் கிடந்த புல்தரையில் நிற்கவைத்து, சுற்றிலும் பத்துக் காவலர்களை நிறுத்தினார்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் நானூறு பேரும் அசையாமல் நின்றார்கள். பந்தலில் சிலர் அவர்களைக் காட்டிச் சிரித்தார்கள். அப்போது ‘மடார்’ என்று பந்து அதிர்ந்தது.

“செங்கான்டா!” என்று இருளாயி கூவினாள்.

நானூறு தொண்டைகளும் ஒன்றாகத் திறந்தன. மைதானத்து நடுவே ஆடிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். செங்கான் ஒரு கணம் அப்படியே நின்று எதிரே பார்த்தான். துணி கட்டிய முகங்களுக்கு நடுவே அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அவன் நடக்கவில்லை, ஓடினான். அவன் ஓடியதால் தென்கரையாரும் ஓடவேண்டியதாயிற்று. ஒவ்வோர் உதைக்கும் புல்தரையிலிருந்து சத்தம் எழுந்தது. காவலுக்கு நின்ற பத்துப் பேரும் சற்று நேரத்தில் காவலை மறந்து கத்தத் தொடங்கினார்கள்.

அரசன் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். “இதுதான்! இதைத்தான் நான் கேட்டேன்!”

திரவியநாதர் அவன் காதருகே குனிந்தார். “மகாராஜா, இதுவும் பறைக்காரர்கள் அடித்தது போலத்தான். விகடர் குரல் கொடுக்கிறார், இவர்கள் கத்துகிறார்கள். ஒன்றையும் காணாதவருக்கு ஆட்டத்தில் என்ன தெரியும்?”

அரசன் யோசித்தான். இரண்டாவது பழம் விழுந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அருகே முதல் படியில் அமர்ந்திருந்த பட்டு வணிகர் அரியநாயகத்தைக் கூப்பிட்டான். “அரியநாயகரே, இரண்டாவது பழத்தைப் போட்டவர் யார்?”

அரியநாயகம் வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். “மிகச் சிறப்பாகப் போட்டார் மகாராஜா. அந்த... உயரமானவர்.”

அரசன் எழுந்து, படியிறங்கி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு புல்தரைக்கே போனான். ஆட்டம் நின்றது. இருளாயியின் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டான்.

குரலை வைத்து அரசன் என்று தெரிந்துகொண்ட அவள் கைகூப்பினாள். “செங்கான் போட்டான்னு எல்லாரும் கத்துனாங்க மகாராசா. ஆனா அவன் போடல. அவன் அடிச்சது தூணுல பட்டுத் திரும்பிச்சு. கல்லுல பட்ட சத்தம் நல்லாக் கேட்டுச்சு. பின்னாலேருந்து யாரோ ஓடியாந்து லேசாத் தட்டிவிட்டாங்க. புதுக் கால், நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. யாருன்னு தெரியல.” கொஞ்சம் தயங்கினாள். “நான் சொன்னது சரிதானா மகாராசா?”

சரிதான். வடகரையில் அன்றைக்கு முதன்முதலாக ஆட வந்த ஒருவன் தட்டிவிட்ட பந்து அது. அரசன் அவளையே பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பி வைத்திருந்த திசையில் மைதானம் இல்லை, வெறும் மதில்தான் இருந்தது.

“கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள்” என்றான் மெதுவாக.

பின்னாலேயே வந்துவிட்ட திரவியநாதர், “அவிழ்த்தால் பார்த்துவிடுவார்களே மகாராஜா! பார்த்தால் தலைக்கு ஒரு வெள்ளிக்காசு. அது தங்கள் முத்திரை வைத்த ஆணை” என்றார்.

அரசன் திரும்பினான். “வேம்பா, விலை நியாயமில்லை என்றாயே. நியாயமான விலை எது? இப்போதே சொல்.”

“மகாராஜா, ஆட்டம் மூன்று நாழிகை. அந்த மூன்று நாழிகை வேலை செய்திருந்தால் ஒருவர் எவ்வளவு சம்பாதிப்பாரோ அதைக் கொடுக்கட்டும். இருளாயிக்கு அரைச் செப்புக்காசு. அரியநாயகருக்கு ஐந்து பொன் ஆகலாம். இருவருக்கும் விலை ஒன்றுதான், மூன்று நாழிகை.”

“நன்று! பொக்கிஷ அதிகாரியிடமிருந்தே தொடங்குவோம். மூன்று நாழிகைக்கு உமது வருமானம் என்ன?”

கையிலிருந்து பொன் போவதை நினைத்ததுமே திரவியநாதருக்கு நாக்கு முந்திக்கொண்டது. “அடியேனுக்கு என்ன வருமானம் மகாராஜா! இரண்டு செப்புக்காசு இருந்தால் அதிகம்.”

வேம்பன் இடுப்பிலிருந்து எழுத்தாணியை எடுத்தான். “எழுதிக்கொள்கிறேன் ஐயா. அடுத்த மாதத்திலிருந்து அரண்மனைச் சம்பளமும் அந்த விகிதத்தில்தானே?”

“இல்லை, இல்லை! கூட்டலில் பிழை! நான்கு பொன், நான்கு பொன்!” என்று அலறி மடியை அவிழ்த்தார் திரவியநாதர்.

புல்தரையில் நானூறு பேரும் சிரித்தார்கள். அரசனும் சிரித்தான். “அப்படியானால் நான் எவ்வளவு தரவேண்டும்?”

“தங்களுக்கு இலவசம் மகாராஜா. நாங்கள் சம்பாதிக்கிறோம், தாங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். தங்களுக்கென்று சம்பாத்தியம் ஏது?”

காவலர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். வேம்பனே ஒரு கணம் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அரசன் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சிரித்தபடியே வலது கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி வேம்பன் கையில் போட்டான்.

கட்டுகள் அவிழ்ந்தன. இருளாயி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, முதலில் தூணைப் பார்த்தாள், பிறகு அந்தப் புது ஆட்டக்காரனைத் தேடிக் கண்டுபிடித்தாள். “இந்த நோஞ்சானா!” என்றாள். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

வேம்பன் கடகத்தைப் பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தான். திரவியநாதர் தொண்டையைச் செருமினார்.

“மகாராஜா, முரசு இன்னும் அறையவில்லை. விகடர் இந்தக் கடகத்தை ஆட்டம் நடக்கும் மூன்று நாழிகைக்குள்தானே சம்பாதித்தார்?”

வேம்பன் பதிலில்லாமல் நின்றதை அந்த அவையில் யாரும் அதுவரை கண்டதில்லை. கடைசியில் பெருமூச்சோடு வாயிலுக்கு நடந்து, கடகத்தைக் காசுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தான். அரசனுக்கு மறுபடியும் சிரிப்புப் பொங்கியது. பக்கத்தில் நின்ற திரவியநாதரும் பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றைக்கு வடகரை மூன்று பழம், தென்கரை இரண்டு. முரசு அறைந்து ஓய்ந்து, கூட்டம் கலையத் தொடங்கும்வரை அரசன் காத்திருந்தான். பிறகு இடது கையிலிருந்த கடகத்தைக் கழற்றினான்.

“ஆட்டம் முடிந்துவிட்டது வேம்பா. இதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு போ” என்றான்.