துருப்பிடிச்ச ஆணியின் இரண்டாவது ஆல்பம்

ராயப்பன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரியம் ஐந்தே நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த வாய் அவருக்கே அடங்காது.

விஷயம் இதுதான். அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து நடத்திய ‘துருப்பிடிச்ச ஆணி’ என்ற, காதைக் கிழிக்கும் பங்க் ராக் இசைக்குழு, ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு இருபத்திரண்டு வருடம் படுத்துக்கொண்டது. இப்போது இரண்டாவது ஆல்பம். நால்வருக்கும் ஐம்பது நெருங்குகிறது, இப்போது விட்டால் இனி கிடையாது. ஒத்திகைக்கு, ராயப்பன் வசிக்கும் அயனாவரம் குடியிருப்பின் மொட்டை மாடி அறையைக் குடியிருப்போர் சங்கம் கொடுத்தால்தான் உண்டு. மெல்லிசை என்று மட்டும் சொல், வேறு எதுவும் பேசாதே என்று டிரம்மர் காஜா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

சங்கக் கூட்டத்தில் ராயப்பன் அப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டாம் மாடி தண்டபாணி, உங்கள் பாட்டை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று கேட்டுத் தொலைத்தார். ராயப்பனுக்குச் சுருக்கென்றது.

கேட்டிருக்கிறார்களாவா? முதல் பாட்டுக்கே கச்சேரி நடந்த மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் பயந்து பத்து நிமிடம் பின்னால் போனதாம். அடுத்த பாட்டுக்கு எதிர்த்த பல் ஆஸ்பத்திரியில் ஒன்பது பேருக்குச் சொத்தைப் பல் தானாகவே விழுந்ததாம். பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்று டாக்டர் ஓடிவந்து கும்பிட்டாராம். பாட்டெல்லாம் இரண்டே நிமிடம்தானாமே என்று யாரோ இழுத்தார்கள். அதற்கு மேல் பூமி தாங்காது என்றார் ராயப்பன். ஒரே ஒரு தடவை காஜா அசந்துபோய் மூன்று நிமிடம் அடித்துவிட, சென்னைக்கு வரவேண்டிய புயல் சத்தம் பொறுக்காமல் ஆந்திரா பக்கம் போய்க் கரையைக் கடந்தது.

“புயல் எப்பவும் அங்கதானே போவுது” என்றார் தண்டபாணி.

“அப்ப புடிச்ச பயம் சார். இன்னும் தெளியல.”

சொல்லச் சொல்லக் காரியம் கெடுவது அவருக்கே தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஒரு அம்மா முணுமுணுத்தார். ராயப்பனின் வாய் மட்டும் நிற்கவில்லை. கடைசிக் கச்சேரியில் கிட்டார் அதிர்ந்த அதிர்வில் பாறை பிளந்து, மேடைக்கு அடியிலிருந்து தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது என்று சொல்லித்தான் ஓய்ந்தார்.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் மரகதவல்லி நோட்டை மூடினார்.

“நம்ம போர்வெல் வத்தி ஆறு மாசம் ஆச்சு ராயப்பன் சார். ஞாயித்துக்கிழமை அதுகிட்ட நின்னு வாசிங்க. தண்ணி வந்தா மாடி ரூம் உங்களுது.”

“வரலைன்னா?”

“அப்பவும் உங்களுதுதான். ஆனா லாரித் தண்ணிய வீடு வீடா நீங்கதான் ஏத்தணும். மாடி நாலு, நீங்களும் நாலு பேர்.”

ராயப்பன் வெளியே வந்து காஜாவுக்குப் போன் போட்டார். அறை கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாத்தியத்தோடு ஆளுக்கு இரண்டு குடமும் கொண்டுவர வேண்டும் என்றார்.

“குடம் எதுக்கு மச்சான்?”

“நாம வாசிச்சு வர்ற தண்ணிய எதுலடா புடிக்கிறது?”